நல்ல கேமரா உள்ள போன்: 200 மெகாபிக்சலா, 50 மெகாபிக்சலா?

கேள்வி இது: ஒரே விலையில் இரண்டு போன்கள். முதலாவது, இந்த மாதம் வந்த புதிய போன். 200 மெகாபிக்சல் பிரதான கேமரா, 8 மெகாபிக்சல் அல்ட்ராவைடு (அகலமான காட்சிக்கு), 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்க). இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் உயர்ரக வரிசையில் சென்ற ஆண்டு வெளிவந்து இப்போது விலை இறங்கியிருப்பது. 50 மெகாபிக்சல் பிரதான கேமரா, 12 மெகாபிக்சல் அல்ட்ராவைடு, அவ்வளவுதான். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள், மாலைக்குப் பிறகு. கொஞ்சம் வீடியோ. எதை வாங்கலாம்? கூடவே, கையில் இருக்கும் போனில் ஆறு மாதமாகப் படங்கள் மங்கலாக வருகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவதை வாங்குங்கள். குழந்தை, மாலை என்ற இரண்டு சொற்களைப் படித்ததுமே முடிவு செய்துவிட்டேன். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீளும். ஆனால் காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை போன் மாற்றும்போது என்னைப் போன்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பதினைந்து ஆண்டுகளாக நிகழ்ச்சிகளைப் படம் எடுப்பது என் தொழில். தோளில் பெரிய கேமரா தொங்கினாலும், வீட்டுப் படங்களை நானும் போனில்தான் எடுக்கிறேன். அதனால் போன் கேமராக்களிடம் எனக்கு வெறுப்பு கிடையாது. அவற்றின் விளம்பரங்களிடம்தான் கொஞ்சம் உண்டு.

வெயிலில் எடுத்த படத்தைக் காட்டி யாராவது ஒரு போனைப் புகழ்ந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நேர் வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). இரவில் விளக்கு எரியும் ஒரு வீட்டு அறையில் 100, 200 லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் பழகிக்கொள்வதால் இந்த ஐந்நூறு, ஆயிரம் மடங்கு வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும். ஆயிரம் மடங்கு வெளிச்சம் கொட்டும்போது எந்தச் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு), எந்த லென்ஸும் பார்க்கும்படியான படத்தைத் தந்துவிடும். ஒற்றை ட்யூப்லைட் எரியும் அறையில், சோபாவிலிருந்து குதிக்கும் குழந்தையை எடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

மெகாபிக்சலை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரு படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் இருக்கின்றன என்ற கணக்குதான் அது. 4கே டிவியின் திரையில் இருப்பது 3840-க்கு 2160 புள்ளிகள், அதாவது 83 லட்சம். ஏ4 தாள் முழுவதும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சகத் தரத்தில் ஒரு படத்தை அச்சிட 87 லட்சம் புள்ளிகள் போதும். ஆக, 12 மெகாபிக்சல் படம் இரண்டுக்கும் போக மிச்சம் வைக்கும். 200 மெகாபிக்சலைப் பார்க்க நீங்கள் வீட்டுச் சுவரைத் திரையாக்க வேண்டும்.

அந்த 200-உம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒரு ஏக்கர் நிலத்தை 50 பாத்தியாகப் பிரித்தாலும் 200 பாத்தியாகப் பிரித்தாலும் பெய்கிற மழை ஒன்றுதான். வரப்பு மட்டும்தான் கூடும். சென்சாரிலும் அதே கதை. புள்ளிகளைக் குறுக்கக் குறுக்க ஒவ்வொன்றிலும் விழும் ஒளி குறைகிறது. படம் மணல் தூவியதுபோல் ஆகிறது. அதனால் தயாரிப்பாளர்களே வரப்பை வெட்டிவிடுகிறார்கள். 200 மெகாபிக்சல் சென்சார் மங்கிய வெளிச்சத்தில் பதினாறு பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. 108 மெகாபிக்சல் சென்சார் ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து 12 தருகிறது. 50 மெகாபிக்சல் சென்சார் நான்கு நான்காகச் சேர்த்து 12.5 தருகிறது. எந்த வழியாகப் போனாலும் எல்லாரும் வந்து சேரும் ஊர் 12 தான். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ் தொடங்கி 2021-இல் வந்த ஐபோன் 13 வரை ஆப்பிள் தன் பிரதான கேமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. கூகுளும் தன் பிக்சல் வரிசைப் போன்களில், பிக்சல் 2-இலிருந்து பிக்சல் 5 வரை 12.2-ஐ விட்டு நகரவில்லை. அந்த ஆண்டுகளில் இவற்றின் படங்களை யாரும் குறை சொன்னதாக நினைவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நல்ல வெளிச்சத்தில், படத்தின் ஒரு மூலையை வெட்டி எடுத்துப் பெரிதாக்க அதிக மெகாபிக்சல் உதவும். 48, 50 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து 2 மடங்கு ஜூம் தருகிறார்கள். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 200 மெகாபிக்சல் போட்ட போன் எல்லாம் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த எண்ணை வைத்து நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? முதலில் சென்சாரின் அளவு. விளம்பரத்தில் இது பெரும்பாலும் இருக்காது. விவரக்குறிப்பில், கேமரா வரியின் நடுவில், 1/1.56 அங்குலம் என்பதுபோல ஒரு பின்னமாக ஒளிந்திருக்கும். கீழே உள்ள எண் சிறிதானால் சென்சார் பெரிது. நீங்கள் அனுப்பிய விவரக்குறிப்புகளில் முதல் போனுக்கு 1/1.56, இரண்டாவதற்கு 1/1.31 என்று இருக்கிறது. பார்க்க ஏதோ அற்ப வித்தியாசம். பரப்பாகக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 50 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது 72-ஐத் தொடும். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நிலம், ஒன்றரை மடங்கு மழை. முதல் போனின் பெட்டியில் 200 என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் இந்த எண்ணைப் போடாததில் வியப்பில்லை.

அந்தப் பின்னத்தில் சொல்லும் அங்குலம் நிஜ அங்குலமும் இல்லை என்பது ஒரு வேடிக்கை. ‘1 அங்குல சென்சார்’ என்று பெருமையாகச் சொல்லப்படுவதன் அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், மூலைவிட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். நிஜ அங்குலம் 25.4. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில், குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொல்வார்கள். உள்ளே படம் விழும் இடம் அதைவிடச் சிறியது. குழாய் காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அளவு சொல்லும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பிடுவதற்கு உதவுவதால் சகித்துக்கொள்ளலாம்.

பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டும், லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே தூரமும் வேண்டும். அதனால்தான் நல்ல கேமரா உள்ள போன்களின் முதுகு புடைத்துக்கொண்டிருக்கிறது. 2012-இல் நோக்கியா 808 ப்யூர்வியூ வந்தபோது அந்தப் புடைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. உள்ளே 1/1.2 அங்குல சென்சார், 41 மெகாபிக்சல். அத்தனை இருந்தும் அது வழக்கமாகத் தந்தது புள்ளிகளைச் சேர்த்துச் சுருக்கிய 5 மெகாபிக்சல் படம். இன்று எல்லாரும் செய்வதை அன்றே செய்துவிட்டார்கள். மேசையில் தட்டையாகப் படுக்கும் மெல்லிய போனும் வேண்டும், இரவில் நல்ல படமும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது கடினம்.

அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை அளவைச் சொல்லும் எண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எண் குறைந்தால் ஒளி அதிகம், எஃப் 1.8-க்கும் எஃப் 2.4-க்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆனால் பிரதான கேமராக்களில் பெரும்பாலானவை 1.6-க்கும் 1.9-க்கும் நடுவில்தான் இருக்கின்றன. அல்ட்ராவைடு, டெலிபோட்டோ (தூரத்தில் இருப்பதை எடுக்கும்) கேமராக்களில் மட்டும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஓஐஎஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கை நடுங்கும்போது லென்ஸையோ சென்சாரையோ எதிர்த்திசையில் நகர்த்தி, படம் கலையாமல் காப்பாற்றும் நுட்பம். பிரதான கேமராவில் இது இல்லாத போனை, கேமராவுக்காக வாங்குவதாக இருந்தால், தொடக்கூட வேண்டாம். ஆனால் இது எதைச் செய்யாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் தொழிலே அதுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகளின் பள்ளி ஆண்டு விழா. பார்வையாளனாகப் போனதால் பெரிய கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சட்டைப்பையில் அப்போதுதான் வாங்கிய போன், பெயர் வேண்டாம். மேடையில் அரைகுறை வெளிச்சம், குழந்தைகள் ஆடுகிறார்கள். நான் ஐம்பது படம் எடுத்திருப்பேன். சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்பு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல இருந்தது. என் மருமகளுக்கு நான்கு கைகள் இருந்தன, முகம் இல்லை. “அண்ணா, நீதானே காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கிறவன்?” என்றாள் தங்கை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் எடுத்த படங்களை மறுநாள் வாங்கிப் பார்த்தோம். அவருடையது இரண்டு ஆண்டு பழைய போன். படங்கள் கொஞ்சம் மணல் மணலாக இருந்தன; ஆனால் குழந்தையின் முகம் முகமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஓஐஎஸ் என் கையைப் பிடித்துக்கொண்டது. ஆடும் குழந்தையை அதனால் பிடிக்க முடியாது. கை அசையவில்லை என்ற தைரியத்தில் என் போன் ஷட்டரை 1/10 வினாடி திறந்து வைத்துவிட்டது. அசையாத திரைச்சீலைக்கு அது யோகம். 1/10 வினாடியில் ஒரு குழந்தையின் கை அரையடி போய்விடும். பக்கத்து இருக்கைக்காரரின் போன் 1/60-இல் எடுத்து, வெளிச்சம் போதாததை மணலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு போன்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு முடிவில்தான் இருந்தது. இது எந்த விவரக்குறிப்பிலும் அச்சாவதில்லை.

ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். எடுத்த படத்தைத் திறந்து, அதன் விவரங்கள் பகுதிக்குப் போங்கள். பெரும்பாலான போன்களில் படத்தை மேல்நோக்கித் தள்ளினாலே வரும். அங்கே 1/15, 1/60, 1/120 என்று ஒரு பின்னம் இருக்கும். ஷட்டர் எத்தனை வினாடி திறந்திருந்தது என்பதுதான் அது. வீட்டு வெளிச்சத்தில் ஆட்களை எடுக்கும்போது 1/60-ஐவிட மெதுவாக, 1/30, 1/15 என்று அடிக்கடி இறங்கும் போன் உங்களுக்கு ஆகாது. ஓடும் குழந்தைக்கு 1/100-ஆவது வேண்டும். பெரிய சென்சார் கேட்பதும் இதற்காகத்தான்; ஒளி கூடுதலாகக் கிடைத்தால்தான் ஷட்டரைச் சீக்கிரம் மூட முடியும்.

அடுத்தது மென்பொருள். பாதிப் படத்தை எடுப்பது அதுதான். நீங்கள் பொத்தானை ஒருமுறை தொட்டால் போன் ஒரு படம் எடுப்பதில்லை. பல படங்களை மளமளவென்று எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருண்ட பகுதியை ஒன்றிலிருந்தும் வானத்தை இன்னொன்றிலிருந்தும் கூட்டிச் சேர்க்கிறது. 2018-இல் கூகுள் நைட் சைட் என்ற இரவு வசதியைக் கொண்டுவந்தபோது, அது புதிய பிக்சல் 3-க்கு மட்டுமின்றி அதற்கு முந்தைய பிக்சல் போன்களுக்கும் அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தது. அதே லென்ஸ், அதே சென்சார். நேற்று வரை இருட்டாக வந்த இடம் மறுநாள் துலங்கியது. ஒரே சென்சாரை வாங்கிப் போடும் இரண்டு நிறுவனங்களின் படங்கள் இரவும் பகலுமாக வேறுபடுவதற்குக் காரணமும் இதுதான். உயர்ரக வரிசைப் போனில் இந்த வேலைக்கு வேகமான ப்ராசஸரும் இருக்கும். இடைப்பட்ட போன்களில் படத்தை அடுக்கி முடிப்பதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும்.

மென்பொருள் கெடுப்பதும் உண்டு. முகத்தை மெழுகுப் பொம்மைபோல வழித்துவிடும். தலைமுடியைக் கம்பிகம்பியாகக் கூர்மையாக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது, நிறத்தை மாற்றுவது. மாநிறமும் கறுப்புமான முகங்களை வெளுத்துக் காட்டுவதே அழகு என்று சில போன்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது புதிய நோயும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ‘ஷர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று நெடுங்காலம் ஓட்டினார்கள். 2021-இல் பிக்சல் 6 வந்தபோது கூகுள் ‘ரியல் டோன்’ என்று பெயரிட்டு, கறுத்த தோலையும் உள்ளபடி காட்டுவதை ஒரு வசதியாகவே அறிவித்தது. அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். போனைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருப்பவர்களிலேயே கறுப்பானவரை அழைத்துப் போங்கள். அழகுபடுத்தும் வசதியை முழுவதும் அணைத்துவிட்டு அவரை எடுங்கள். படத்தையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் மாறியிருந்தால் அந்த போன் வேண்டாம்.

கூடுதல் கேமராக்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோ என்பது ஒப்புக்குச் சப்பாணி. பின்னால் மூன்று வட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒட்டியது. பின்னணியை மங்கலாக்கத் தூரம் அளப்பதாகச் சொல்லி ‘டெப்த்’ என்று போடுவதும் அதே ரகம். வாங்கிய முதல் வாரத்துக்குப் பிறகு அந்த மேக்ரோவை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. அல்ட்ராவைடு பயனுள்ளது, சிறிய அறையில் எல்லாரையும் அடைக்கலாம். அதில் பார்க்க வேண்டியது ஆட்டோபோகஸ் இருக்கிறதா என்பதை. இருந்தால் அதையே மேக்ரோவாகவும் பயன்படுத்தலாம். 2021-இல் ஐபோன் 13 ப்ரோ 2 சென்டிமீட்டர் தூரத்தில் போகஸ் செய்தது அல்ட்ராவைடு கேமராவை வைத்துத்தான். உங்கள் இரண்டாவது போனின் 12 மெகாபிக்சல் அல்ட்ராவைடில் ஆட்டோபோகஸ் இருக்கிறது. முதலாவதன் 8 மெகாபிக்சலில் இல்லை. அதாவது, மேக்ரோ என்று பெயர் போட்ட கேமரா இல்லாத போன்தான் இங்கே நல்ல மேக்ரோ எடுக்கப்போகிறது.

டெலிபோட்டோ இரண்டிலும் இல்லை. உங்களுக்குப் பெரிய இழப்பும் இல்லை. முகத்தைப் பிரதான கேமராவில் கிட்டத்தில் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கித் தெரியும். அது லென்ஸின் குற்றம் என்பார்கள், உண்மையில் தூரத்தின் குற்றம். இரண்டடி பின்னால் போய், 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். முகம் உள்ளபடி வரும். மேடை நிகழ்ச்சி, பறவை, விளையாட்டு என்று தூரத்தில் இருப்பவற்றை எடுக்கிறவர்களுக்கு மட்டும் டெலிபோட்டோ அவசியம். அவர்கள் 3 அல்லது 5 மடங்கு ‘ஆப்டிகல்’ (லென்ஸே தரும் ஜூம்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளியைக் கண்ணாடியால் பக்கவாட்டில் திருப்பி, போனின் நீளவாக்கில் லென்ஸ்களைப் படுக்க வைக்கும் பெரிஸ்கோப் முறை 2019-இல் ஹுவாவே பி30 ப்ரோவில் 5 மடங்கு ஜூமோடு பரவலாகத் தெரியவந்தது. மறு ஆண்டே சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் முதுகில் 100 மடங்கு என்று அச்சிட்டார்கள். அந்த 100-இல் பெரும்பகுதி, இருக்கும் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. நிலாவை அள்ளித் தருவதாகச் சொல்லும் ஜூம் படங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2023-இல் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, சாம்சங் போனால் தூரத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். மங்கலில் இல்லாத பள்ளமும் மேடும் படத்தில் முளைத்தன. நிலாவை அடையாளம் கண்டால் ஏஐ விவரத்தைக் கூட்டும் என்று நிறுவனமே பிறகு விளக்கியது. தோட்டத்துப் பறவைக்கு அந்தக் கருணை கிடைக்காது.

வீடியோவுக்கு இரண்டு விஷயம். 4கே என்று போட்டிருந்தாலும் எந்தக் கேமராவில் என்று பாருங்கள். பிரதான கேமராவில் மட்டும் 4கே தந்துவிட்டு, அல்ட்ராவைடிலும் செல்ஃபியிலும் 1080 என்ற குறைந்த தரத்தோடு நிறுத்திக்கொள்ளும் போன்கள் நிறைய. நடந்துகொண்டே எடுத்தால் ஆட்டம் அடங்குகிறதா என்பதையும், வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வைத்து எடுப்பீர்களோ அதே வேகத்தில் வைத்தே சோதியுங்கள். சில போன்களில் வினாடிக்கு 60 ஃப்ரேம் வைத்ததும் அந்த வசதி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இரண்டாவது, இடம். ஐபோன் கணக்கில், சுருக்கிப் பதியும் முறையில், வினாடிக்கு 30 ஃப்ரேம் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைட். 60 ஃப்ரேம் என்றால் 400. மற்ற போன்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். வாரத்துக்குப் பத்து நிமிடம் எடுத்தால் ஓர் ஆண்டில் 88 ஜிபி. குழந்தை உள்ள வீட்டில் பத்து நிமிடம் என்பது அடக்கமான கணக்கு. உயர்ரகப் போன்களில் மெமரி கார்டு போடும் இடம் பெரும்பாலும் இருக்காது. 128 ஜிபி வாங்கினால் இரண்டு ஆண்டுக்குள் எதை அழிப்பது என்று உட்கார்ந்துகொண்டிருப்பீர்கள். 256-க்குக் கீழே போகாதீர்கள்.

இணையத்தில் மாதிரிப் படம் பார்ப்பதாக இருந்தால், சுருக்காத மூலக் கோப்பைத் தரும் இடத்தில் பாருங்கள். ஜிஎஸ்எம்அரீனா தளத்தில் ஒரே காட்சியை இரண்டு போன்கள் எடுத்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மங்கிய வெளிச்சத்துப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். சமூக ஊடகத்தில் பகிர்ந்த படத்தைப் பார்த்துப் போன் வாங்குவது, ஜன்னல் கண்ணாடி வழியாகப் புடவை எடுப்பது போல. டிஎக்ஸ்ஓமார்க் போன்ற தளங்கள் தரும் ஒற்றை மதிப்பெண்ணையும் நான் பார்ப்பதுண்டு. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் உங்களுக்குத் தேவையில்லாத ஜூமும், தேவையான இரவுப் படமும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் பயன்.

எல்லாவற்றையும்விடக் கடையில் நிற்கும் பத்து நிமிடம் மேல். காட்சிக்கு வைத்த போனை எடுத்ததும் முதலில் லென்ஸைச் சட்டை நுனியால் துடையுங்கள். நூறு பேர் விரல் பட்டது. கடையின் கண்கூசும் விளக்குகளுக்கு அடியில் எடுக்காதீர்கள், அந்த விளக்குகள் எதற்கு இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். மேசைக்குக் கீழே, அலமாரி மூலையில், படிக்கட்டு அடியில் என்று இருட்டைத் தேடிப் போங்கள். உடன் வந்தவரைச் சாதாரண வேகத்தில் கையை ஆட்டச் சொல்லி, தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். எத்தனை படத்தில் விரல்களை எண்ண முடிகிறது? ஆறுக்குக் குறைந்தால் மதிப்பெண் போடவே வேண்டாம். பொத்தானைத் தொட்ட கணத்துக்கும் படம் பதிந்த கணத்துக்கும் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள்; இன்னொரு போனில் ஓடும் ஸ்டாப்வாட்சைப் படம் எடுத்தால் அது எண்ணாகவே தெரிந்துவிடும். பிறகு ஒரு விளக்கை ஓரத்தில் வைத்து எடுங்கள். படத்தின் குறுக்கே கோடும் பச்சைப் புள்ளியும் எவ்வளவு விழுகின்றன என்று பாருங்கள். சிறிய எழுத்துள்ள அட்டை ஏதாவது கிடைத்தால் அதைப் படம் முழுக்க நிரம்பும்படி எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். நடு நன்றாக இருந்து மூலைகள் குழைந்திருந்தால் லென்ஸில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஜூமைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் நிறம் குதிக்கிறதா என்பதும் வீடியோவில் தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சென்ற ஆண்டுப் போன் என்பதால் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பது. கூகுள் பிக்சல் 8-இலும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-இலும் தொடங்கி ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். மற்ற நிறுவனங்களில் ஆண்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எதுவானாலும் அந்தக் கணக்கு போன் வெளிவந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. இரண்டாவது, புதியதா, யாரோ பயன்படுத்தித் திருப்பியதா என்பது. பயன்படுத்தியது என்றால் பைக்கில் மாட்டி ஓட்டினார்களா என்று கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதிக அதிர்வு தொடர்ந்து பட்டால் ஓஐஎஸ் பழுதாகலாம் என்று ஆப்பிளே 2021-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அசையாத பொருளைக் காட்டியும் திரையில் படம் தானாக நடுங்கினால் அந்த போனை வைத்துவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் பழைய போன். சென்சார் ஆறு மாதத்தில் கிழடு தட்டுவதில்லை. மங்கலுக்கு வேறு காரணம் இருக்கும். மெல்லிய துணியால் லென்ஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கவரைக் கழற்றி, எரியும் விளக்கை ஒரு படம் எடுங்கள். பிறகு கவரை மாட்டி அதே விளக்கை எடுங்கள். இரண்டாவதில் மட்டும் வெளுத்த பனி படர்ந்தால் குற்றவாளி கவர். அதன் விளிம்பு பட்டு ஒளி உள்ளே சிதறுகிறது. இரண்டிலும் பனி இருந்தால், கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். லென்ஸின் மேல் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்துப் போடுங்கள், பாதிக்குப் பாதி அதுவாகத்தான் இருக்கும். கீறல் என்றால் அந்த வெளிக் கண்ணாடியை மட்டும் பழுதுபார்ப்பவர்கள் மாற்றித் தருவார்கள். இதைச் செய்துவிட்டு, மாலை ஏழு மணிக்குக் குழந்தையை ஒரு படம் எடுத்து, அதன் ஷட்டர் எண்ணைப் பாருங்கள். 1/60 அல்லது அதைவிட வேகமாக இருந்தால், இரண்டு போனில் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.